ஒரே விரல், இரண்டு பட்டன்: நிலக்கோட்டையும் ஆண்டிப்பட்டியும் 2019-ல் போட்ட கணக்கு

திண்டுக்கல்:

"இந்தத் தடவை எந்தக் கட்சிக்குப் போடுறது?"

பாராளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்ததுமே வத்தலக்குண்டு பஸ் நிலைய டீக்கடைகளிலும், ஆண்டிப்பட்டி பக்கத்துத் தறிக்கூடங்களிலும் ஆரம்பித்துவிடும் பேச்சு இது. "எங்க குடும்பமே இலைதான்" என்பார் ஒருவர். "எங்க தாத்தா காலத்துல இருந்து சூரியன்" என்பார் இன்னொருவர். ஆனால் பூத்துக்குள் போய் பட்டனை அழுத்தும்போது இந்தப் பரம்பரைக் கணக்கெல்லாம் எடுபடுவதில்லை என்பதற்கு திண்டுக்கல், தேனி மாவட்டங்களிலேயே அழுத்தமான சாட்சி இருக்கிறது. அது 2019-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந்தேதி.

அன்றைக்கு நிலக்கோட்டை, ஆண்டிப்பட்டி, பெரியகுளம் ஆகிய 3 சட்டசபை தொகுதி வாக்காளர்கள் ஒரே பூத்தில், ஒரே மை வைத்த விரலால் 2 எந்திரங்களில் ஓட்டுப் போட்டார்கள். வெள்ளைத் தாள் ஒட்டிய எந்திரம் பாராளுமன்றத்துக்கு. இளஞ்சிவப்புத் தாள் ஒட்டிய எந்திரம் சட்டசபை இடைத்தேர்தலுக்கு. இரண்டுக்கும் நடுவே நாலு அடிகூட இருந்திருக்காது. அந்த நாலு அடிக்குள் ஆயிரக்கணக்கானோர் கட்சி மாறிவிட்டார்கள்.

5 லட்சம் அங்கே, 20 ஆயிரம் இங்கே

முதலில் நிலக்கோட்டையைப் பார்க்கலாம். பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன இந்த ஊர் திண்டுக்கல் பாராளுமன்ற தொகுதிக்குள் வருகிறது.

2019-ல் திண்டுக்கல்லில் தி.மு.க. வேட்பாளர் ப.வேலுச்சாமி 5 லட்சத்து 38 ஆயிரம் ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே பெரிய வெற்றி அதுதான். எதிர்த்து நின்றவர் அ.தி.மு.க. கூட்டணியில் இருந்த பா.ம.க. வேட்பாளர்.

மே 23-ந்தேதி ஓட்டு எண்ணிக்கை நடந்தபோது, இப்படி அலை அடிக்கிற இடத்தில் நிலக்கோட்டை இடைத்தேர்தலும் தி.மு.க.வுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அங்கே அ.தி.மு.க.வின் தேன்மொழி சுமார் 20 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார்.

அதெப்படி?

கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் விஷயம் புரியும். திண்டுக்கல் பாராளுமன்ற தொகுதி முழுக்க மாம்பழத்துக்கு விழுந்த ஓட்டு சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம். 6 சட்டசபை தொகுதிகளுக்குப் பங்கு போட்டால் ஒரு தொகுதிக்கு 35 ஆயிரம்கூட வராது. நிலக்கோட்டையில் மட்டும் இரட்டை இலைக்கு விழுந்த ஓட்டோ சுமார் 90 ஆயிரம். இது சராசரிக் கணக்குதான். நிலக்கோட்டையில் மாம்பழம் ஐந்து, பத்தாயிரம் கூடுதலாக வாங்கியிருந்தாலும், இலைக்குப் போட்டவர்களில் பாதிப் பேர் மாம்பழத்தைத் தொடவே இல்லை என்பதுதான் முடிவு.

இலை பிறந்த ஊரில் இலை இல்லை

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரட்டை இலை முதன்முதலில் ஜெயித்த இடமே திண்டுக்கல்தான். எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி 7 மாதத்தில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் பாராளுமன்ற இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலையில் நின்று ஜெயித்தார். ஆளும் கட்சியாக இருந்த தி.மு.க. அன்று மூன்றாவது இடத்துக்குப் போனது.

அப்பேர்ப்பட்ட ஊரில் 2019-ல் வெள்ளைத் தாளில் மேலிருந்து கீழ் வரை தேடினாலும் இலை இல்லை. தொகுதியைப் பா.ம.க.வுக்குக் கொடுத்துவிட்டார்கள். பா.ம.க.வின் பலம் வட மாவட்டங்களில். திண்டுக்கல் பக்கத்தில் மாம்பழம் பழக்கமில்லாத சின்னம்.

கட்சித் தலைமை "நம்ம ஓட்டை அப்படியே அங்கே மாத்திப் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிடலாம். ஓட்டு என்ன, பேங்க் கணக்கில் இருந்து இன்னொரு கணக்குக்கு மாற்றுகிற பணமா? தன் சின்னம் இல்லாத எந்திரத்தின் முன்னால் நிற்கிற வாக்காளருக்குக் கட்சிக் கட்டுப்பாடு கிடையாது. அந்த நிமிடம் அவர் யோசிப்பது வேறு: டெல்லியில் யார் வரவேண்டும், யார் வரக்கூடாது, ஜி.எஸ்.டி. என்ன செய்தது, நீட் என்ன செய்தது.

பக்கத்து எந்திரத்துக்கு வந்ததும் பழைய சின்னம் கண்ணில் படுகிறது. விரல் தானாகப் போகிறது.

20 மாதம் எம்.எல்.ஏ. இல்லை

சட்டசபை எந்திரத்துக்கு வேறொரு கதையும் உண்டு. நிலக்கோட்டை, ஆண்டிப்பட்டி, பெரியகுளம் மூன்றுமே 2016-ல் இரட்டை இலையை ஜெயிக்க வைத்த தொகுதிகள். அந்த 3 எம்.எல்.ஏ.க்களும் பிறகு டி.டி.வி.தினகரன் பக்கம் போன 18 பேரில் இருந்தார்கள். 2017 செப்டம்பரில் சபாநாயகர் தனபால் 18 பேரையும் கட்சித்தாவல் தடைச் சட்டத்தின் கீழ் தகுதிநீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் ஐகோர்ட்டும் அது செல்லும் என்றது.

ஆக, 2017 செப்டம்பரில் இருந்து 2019 மே வரை சுமார் 20 மாதம் இந்த 3 தொகுதி மக்களுக்கும் எம்.எல்.ஏ.வே கிடையாது. தண்ணீர் வரவில்லை, ரோடு போடவில்லை, முதியோர் பென்ஷன் நின்றுபோச்சு என்று மனு எழுதினால் யாரிடம் கொடுப்பது? இவர்கள் போட்ட ஓட்டு, சென்னையில் நடந்த சண்டையில் செல்லாத ஓட்டாகிவிட்டது.

அதனால் இடைத்தேர்தலில் இவர்கள் முன்னால் இருந்தது சாதாரணக் கேள்வி இல்லை. எடப்பாடி பழனிசாமி ஆட்சி நீடிக்க வேண்டுமா, கவிழ வேண்டுமா என்பதே அந்தப் பட்டனில்தான் இருந்தது. சபாநாயகரையும் சேர்த்து அ.தி.மு.க. கையில் அப்போது 114 பேர். 234 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 118 வேண்டும். 22 தொகுதி இடைத்தேர்தலில் 4 இடமாவது ஜெயித்தாக வேண்டிய கட்டாயம்.

கிடைத்ததோ 9. தி.மு.க.வுக்கு 13. அதே நாளில் எண்ணப்பட்ட பாராளுமன்றத் தேர்தலில் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டில் தேர்தல் நடந்த 38 தொகுதிகளில் 37-ஐ அள்ளியது. பணப்பட்டுவாடா புகாரில் தள்ளிப்போன வேலூரும் ஆகஸ்டில் தி.மு.க.வுக்கே போனது. மொத்தம் 38. டெல்லிக்கு எதிர்க்கட்சி எம்.பி.க்களை அனுப்பிய அதே மக்கள், கோட்டையில் ஆளும் கட்சியை 2021 வரை உட்கார வைத்தார்கள்.

9 இடத்திலும் ஒரே அடையாளம்

அ.தி.மு.க. ஜெயித்த 9 தொகுதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது.

சோளிங்கர் அரக்கோணம் பாராளுமன்ற தொகுதியில் வருகிறது. அங்கே மாம்பழம். பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் தர்மபுரியில். அங்கேயும் மாம்பழம். நிலக்கோட்டைக்கும் அதே. மானாமதுரை சிவகங்கையில், பரமக்குடி ராமநாதபுரத்தில், விளாத்திகுளம் தூத்துக்குடியில், சூலூர் கோவையில். இந்த நான்கிலும் தாமரை. சாத்தூர் விருதுநகரில். அங்கே தே.மு.தி.க.வின் முரசு.

ஒன்பதிலும் பாராளுமன்ற எந்திரத்தில் இரட்டை இலை இல்லை! (சூலூரில் மட்டும் இடைத்தேர்தல் ஒரு மாதம் கழித்து மே 19-ந்தேதி நடந்தது.)

மறுபக்கம், இரண்டு எந்திரத்திலும் இலை இருந்த இடங்கள் 7. பூந்தமல்லி, திருப்போரூர், ஓசூர், அரவக்குறிச்சி, திருவாரூர், ஆண்டிப்பட்டி, பெரியகுளம். இந்த ஏழிலும் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. தோற்றது.

இதை வைத்து "இலை இல்லாத இடமெல்லாம் ஜெயிச்சாங்க" என்று எழுதிவிடவும் முடியாது. பெரம்பூர், தஞ்சாவூர், திருப்பரங்குன்றம், ஒட்டப்பிடாரம் தொகுதிகளிலும் பாராளுமன்றத்துக்குக் கூட்டணிக் கட்சிகள்தான் நின்றன. அங்கேயும் இடைத்தேர்தலில் தி.மு.க.தான். திருவாரூர் என்றால் கருணாநிதி தொகுதி, அதன் கணக்கே தனி.

ஆனாலும் 9-க்கு 9 என்பது சும்மா வந்த எண் இல்லை. டெல்லி மேல் இருந்த கோபம் எங்கே மாம்பழத்தின் மேலும் தாமரையின் மேலும் இறங்கியதோ, அங்கே பக்கத்து எந்திரத்தில் இலை தப்பித்துக்கொண்டது. எங்கே இலையே அந்தக் கோபத்தை வாங்கவேண்டி வந்ததோ, அங்கே இரண்டிலும் அடி விழுந்தது. கூட்டணிக்குத் தொகுதியை விட்டுக்கொடுத்தது அ.தி.மு.க.வுக்கு எம்.பி.க்களைத் தரவில்லை. ஆட்சியைக் காப்பாற்றித் தந்தது என்று சொல்லலாம்.

தேனியில் தலைகீழ்

நிலக்கோட்டை தொகுதியைத் தாண்டி வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி வழியாக பஸ் ஏறினால் பெரியகுளம். அங்கே இருந்து தேனி, அடுத்து ஆண்டிப்பட்டி. இந்தப் பக்கம் கதை அப்படியே தலைகீழ்.

2019-ல் தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டில் கோட்டைவிட்ட ஒரே பாராளுமன்ற தொகுதி தேனி. ஓ.பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத் குமார் இரட்டை இலையில் நின்று, காங்கிரசின் ஈ.வி.கே.எஸ்.இளங்கோவனை சுமார் 76 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். ஆனால் அதே தேனிக்குள் இருக்கிற ஆண்டிப்பட்டி, பெரியகுளம் இரண்டு இடைத்தேர்தலிலும் ஜெயித்தது தி.மு.க.

எம்.ஜி.ஆர். 1984-ல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்த ஊர் ஆண்டிப்பட்டி. ஜெயலலிதா 2002-லும் 2006-லும் ஜெயித்த ஊர். பெரியகுளமோ ஓ.பி.எஸ்.சின் சொந்த ஊர். மகனை டெல்லிக்கு அனுப்பிய தொகுதியில், அப்பாவின் ஊர் சூரியனுக்குப் போனது!

இங்கேயும் விடை எந்திரத்தில்தான் இருக்கிறது. தேனியில் பாராளுமன்றத் தாளில் இலை இருந்தது. சூரியன்தான் இல்லை. இருந்தது 'கை'. வேட்பாளரோ ஈரோட்டுக்காரர். நிலக்கோட்டையில் இலைக்காரர்கள் திண்டாடியது போல, ஆண்டிப்பட்டியில் சூரியன்காரர்கள் திண்டாடினார்கள்.

கணக்கும் அதையே சொல்கிறது. தேனி தொகுதி முழுக்க கைக்கு விழுந்தது சுமார் 4 லட்சத்து 28 ஆயிரம். 6 சட்டசபை தொகுதிக்குப் பிரித்தால் தலா 71 ஆயிரம். ஆண்டிப்பட்டி இடைத்தேர்தலில் சூரியனுக்கு விழுந்தது சுமார் 87 ஆயிரம். இலையைப் பார்த்தால், பாராளுமன்றத்துக்குத் தொகுதி சராசரி 84 ஆயிரம். ஆண்டிப்பட்டி சட்டசபைக்கு சுமார் 75 ஆயிரம்தான். சூரியன்காரர்கள் வீடு திரும்பினார்கள். இலைக்காரர்களில் சிலர் வீட்டை விட்டுப் போனார்கள்.

போனவர்கள் எல்லோரும் சூரியனுக்குத்தான் போனார்கள் என்றும் இல்லை. பரிசுப் பெட்டி சின்னத்தில் நின்ற தினகரன் தரப்பு ஒரு பங்கைப் பிய்த்துக்கொண்டது. தேனி பாராளுமன்றத்துக்கு அந்தப் பெட்டியில் நின்ற தங்க தமிழ்ச்செல்வன் வாங்கியதே சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் ஓட்டு.

ஆண்டிப்பட்டியில் இன்னொரு சுவாரசியம். தி.மு.க. வேட்பாளர் மகாராஜனும், அ.தி.மு.க. வேட்பாளர் லோகிராஜனும் உடன்பிறந்தவர்கள். வேட்பாளரின் குடும்பத்தைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவருக்கு அங்கே வேலையே இல்லாமல் போச்சு.

300 ரூபாய் கவர்

"என்னதான் பேசினாலும் காசு கொடுத்தவனுக்குத்தான் ஓட்டு" என்று அடித்துச் சொல்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆண்டிப்பட்டியில் ஓட்டுப்பதிவுக்கு 2 நாள் முன்பு, ஏப்ரல் 16-ந்தேதி இரவு, ஒரு கட்சி அலுவலகம் இருந்த கட்டடத்தில் சோதனை நடந்தது. போலீசார் வானத்தை நோக்கிச் சுடும் அளவுக்குத் தகராறு. ரூ.1 கோடியே 48 லட்சம் பிடிபட்டது. கவர்களில் வார்டு எண்ணும், ஓட்டுக்கு 300 ரூபாய் என்ற விவரமும் எழுதப்பட்டிருந்ததாக வருமான வரித்துறை சொன்னது.

பிடிபடாமல் எவ்வளவு போனதோ, யாருக்குத் தெரியும். ஆனால் பணம்தான் தீர்மானிக்கிறது என்றால் வீடு தேடி வருகிற கவர் ஒரே கட்சிக்கு இரண்டு எந்திரத்திலும் ஓட்டு வாங்கித் தந்திருக்க வேண்டும். நிலக்கோட்டையிலும் ஆண்டிப்பட்டியிலும் நடந்தது அது இல்லையே. வாங்குகிறவர் வாங்கிக்கொள்கிறார். பட்டனைத் தன் கணக்கில் வைத்திருக்கிறார்.

1980-லேயே பழகிய கை

இது புதுப் பழக்கமும் இல்லை. 1980 ஜனவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தி.மு.க.-இந்திரா காங்கிரஸ் கூட்டணி தமிழ்நாட்டில் 37 இடம். அ.தி.மு.க.வுக்கு 2. மக்கள் எம்.ஜி.ஆரை ஒதுக்கிவிட்டார்கள் என்று பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது. அ.தி.மு.க. 129 இடம். எம்.ஜி.ஆர். மறுபடியும் முதல்-அமைச்சர். ஜனவரி ஓட்டு டெல்லிக்குப் போட்டது, கோட்டைக்கு இல்லை என்பது கலைத்தவர்களுக்கு நாலு மாதம் கழித்துத்தான் புரிந்தது.

(அந்த ஜனவரியில் திண்டுக்கல்லில் ஜெயித்தவர் யார் தெரியுமா? அதே மாயத்தேவர். இந்தத் தடவை தி.மு.க.வில்!)

1989-ம் அப்படித்தான். ஜனவரியில் தி.மு.க.வுக்கு 150 எம்.எல்.ஏ.க்களைக் கொடுத்தவர்கள், நவம்பரில் ஒரு எம்.பி.கூடக் கொடுக்கவில்லை. 1984, 1991, 1996-ல் இரண்டு தேர்தலும் ஒன்றாக நடந்தபோது இரண்டையும் ஒரே அணி அள்ளியதும் உண்மைதான். அலை ஒரே பக்கம் அடித்தால் இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் நிறையும். அலை இரண்டாகப் பிரிந்தால் விரலும் பிரியும்.

சின்னம் மட்டும் போதுமா?

போதாது. 2024-ல் திண்டுக்கல்லில் இரட்டை இலை திரும்ப வந்தது. அ.தி.மு.க. கூட்டணியில் எஸ்.டி.பி.ஐ. வேட்பாளர் முகமது முபாரக் இலையில் நின்றார். தி.மு.க. கூட்டணியின் மார்க்சிஸ்ட் வேட்பாளர் சச்சிதானந்தம் 4 லட்சத்து 43 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். இத்தனைக்கும் 2021 சட்டசபைத் தேர்தலில் ஆட்சி மாறியபோதும் நிலக்கோட்டை தேன்மொழியையே மறுபடி ஜெயிக்க வைத்திருந்தது.

2014-ல் இலை தனியாக நின்று 37 எம்.பி.க்களை அனுப்பியதே, திண்டுக்கல் உள்பட? அப்போது "மோடியா, லேடியா" என்று ஜெயலலிதா தன்னையே டெல்லிக் கேள்விக்குள் நிறுத்தினார். ஓட்டுப் போடுகிறவருக்கு ஒரு பதில் கிடைத்தது. 2024-ல் "யார் பிரதமர்?" என்ற கேள்விக்கு இலைப் பக்கம் பதில் இல்லை. சின்னம் பழகியதுதான், ஆனால் அது எதற்கு என்று சொல்ல ஆள் இல்லை.

பாராளுமன்றத் தேர்தலில் "ஆள் நல்லவரா?" என்று மட்டும் பார்க்கிறவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவு வந்துவிட்டால் எம்.பி. அதை மீறி ஓட்டுப் போட முடியாது. மீறினால் பதவி போய்விடும். நல்ல ஆளை அனுப்பினாலும் டெல்லியில் கை தூக்குவது கட்சி சொன்னபடிதான். 18 எம்.எல்.ஏ.க்களைப் பறிகொடுத்து 20 மாதம் காத்துக்கிடந்த தொகுதிகளுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆளைப் பார்த்தால் தேனியில் தலைசுற்றும். தங்க தமிழ்ச்செல்வன் ஆண்டிப்பட்டியில் 2001, 2011, 2016 என மூன்று முறை இரட்டை இலையில் ஜெயித்தவர். 2019-ல் பரிசுப் பெட்டியில் நின்று தோற்றார். அந்தத் தேர்தல் முடிந்த அடுத்த மாதமே தி.மு.க.வில் சேர்ந்தார். 2021-ல் சூரியனில் நின்று போடியில் ஓ.பி.எஸ்.சிடம் தோற்றார். 2024-ல் அதே சூரியனில் தேனி எம்.பி. ஆனார். அவர் 2 லட்சத்து 78 ஆயிரம் ஓட்டில் தோற்கடித்தது, 2019-ல் தன்னை நிறுத்திய தினகரனைத்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆண்டிப்பட்டியில் மகாராஜனும் லோகிராஜனும் 2021-ல் மறுபடி மோதினார்கள். அப்போது இருந்தது ஒரே எந்திரம், அதில் இலையும் இருந்தது, சூரியனும் இருந்தது. மறுபடியும் மகாராஜன்தான் ஜெயித்தார்.